புது கிராஃபிக்ஸ் கார்டு வந்தாச்சு... மாத்தணுமா, வேண்டாமா? கட்சால் தீவிலிருந்து ஒரு கணக்கு

2000 ஜனவரி 1. புதிய ஆயிரமாண்டின் முதல் சூரிய உதயத்தைப் பார்க்க ஏற்ற இடம் என்று, நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சாலுக்கு உலக அளவில் பேர் கிடைத்தது. ஆனால் சூரியனைத் தவிர வேறு எந்தப் புதுப் பொருளும் அங்கே முதலில் போய்ச் சேருவதில்லை. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து 400 கிலோமீட்டருக்கும் அதிகமான கடல் தூரம். கப்பல் வர வேண்டும், கடல் ஒத்துழைக்க வேண்டும்.

கட்சாலுக்கும் தமிழுக்கும் பழைய உறவு உண்டு. 1964-ம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர், 1970-களில் இந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில்தான் குடியமர்த்தப்பட்டார்கள்.

அந்தத் தீவில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். 2020 வாக்கில் வாங்கிய மெஷின். இன்டெல் ஐ5-10400எஃப் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், சாதாரண 60 ஹெர்ட்ஸ் ஃபுல் ஹெச்டி மானிட்டர். இந்தியாவில் பல வீடுகளில் இருக்கும் அதே செட்டப்தான். புது ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகள் வந்ததைப் பார்த்ததும் அவருக்கும் ஆசை வருகிறது. வாங்கலாமா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் தப்பாக வாங்கினால், மறுநாள் பஸ் ஏறிப் போய் மாற்றிக்கொள்ளலாம். கட்சாலில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. வாங்குவதற்கு முன்பே எல்லாக் கேள்வியையும் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விகளை நாமும் கேட்டுப் பார்த்தால், நம் காசும் மிச்சமாகும்.

விலை எப்படி இவ்வளவு ஏறுகிறது?

2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் நகரில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையை அறிவித்தார். இந்தியாவுக்கு என்விடியா சொன்ன தொடக்க விலை: 5090 கார்டு 2,14,000 ரூபாய், 5080 கார்டு 1,07,000, 5070 டிஐ 80,000, 5070 கார்டு 59,000. இவற்றை விடக் குறைந்த விலையில் 5060 டிஐ ஏப்ரலிலும், 5060 மே மாதத்திலும் வந்தன. இவை எல்லாமே தொடக்க விலைகள்தான். கடையில் பிராண்டைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

அமெரிக்காவில் 5070-ன் விலை 549 டாலர். அப்போதைய மதிப்பில் டாலருக்கு 86 ரூபாய் என்று வைத்தால் சுமார் 47,200 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 55,700-ஐத் தாண்டுகிறது. அமெரிக்க விலையில் வரி சேர்ந்திருக்காது, இந்திய விலையில் சேர்ந்திருக்கும். "அங்கே 47 ஆயிரம், இங்கே 59 ஆயிரமா, ஏமாத்துறாங்க" என்று கோபப்படுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

விளம்பரம் சொல்வது எந்த வேகம்?

5070 கார்டு, முந்தைய தலைமுறையின் உச்சமான 4090-க்கு இணையான வேகத்தை 549 டாலருக்கே தரும் என்று அந்த மேடையில் சொல்லப்பட்டது. 4090 வெளியானபோது அதன் விலை 1,599 டாலர். கேட்டவர்கள் வாயைப் பிளந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த ஒப்பீட்டுக்குள் ஒரு விஷயம் இருந்தது: மல்டி ஃபிரேம் ஜெனரேஷன். கார்டு உண்மையாகக் கணக்கிட்டு வரைவது ஒரு ஃபிரேம் என்றால், செயற்கை நுண்ணறிவின் உதவியோடு அதனுடன் மூன்று ஃபிரேம்கள் வரை கூடுதலாகச் செருகப்படும். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் கேம், திரையில் கிட்டத்தட்ட 120 என்று காட்டும்.

பார்க்க வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் மவுஸை அசைத்ததும் கேம் பதில் சொல்லும் வேகம், உண்மையான 30 ஃபிரேமுக்கு உரிய வேகம்தான். அதனால் ஏற்கெனவே 60 ஃபிரேம் ஓடும் கேமை 144 அல்லது 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இன்னும் மென்மையாக்க இது நல்ல கருவி. திணறும் கேமைக் காப்பாற்றும் மருந்து அல்ல. இந்த வசதியை அணைத்துவிட்டுச் சோதித்த விமர்சகர்கள், 5070 கார்டு 4090-ஐ விட வெகுவாகப் பின்தங்கியிருப்பதையும், 4070 சூப்பர் கார்டை ஒட்டியே நிற்பதையும் கண்டார்கள்.

நம் கட்சால் இளைஞரின் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் அது காட்டாது. கார்டு 200 ஃபிரேம் தயாரித்தாலும் மிச்சமெல்லாம் வீண். மானிட்டரை மாற்றாமல் பெரிய கார்டு வாங்குவது, ஒற்றையடிப் பாதையில் ஓட்ட பஸ் வாங்குவது மாதிரி.

செலவில்லாமல் ஒரு சோதனை

"கேம் திணறுது, அதனால கார்டு பழசாயிடுச்சு" என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

வழக்கமாக ஆடும் கேமைத் திறந்து, ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால், தடையாக இருப்பது கிராஃபிக்ஸ் கார்டுதான். கிட்டத்தட்ட அப்படியே நின்றால் பிராசஸரோ ரேமோதான் தடை. அந்த நிலையில் எந்தப் புது கார்டு போட்டாலும் பெரிய மாற்றம் தெரியாது.

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரிலும் பார்க்கலாம். கேம் ஓடும்போது ஜிபியு பயன்பாடு 95 சதவீதத்தைத் தாண்டி நின்றால் கார்டு முழு மூச்சில் உழைக்கிறது என்று அர்த்தம். 50, 60 சதவீதத்திலேயே நின்றுகொண்டு கேம் திணறினால், குறை வேறு எங்கோ இருக்கிறது.

இன்னொரு விஷயம். ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வரிசை கார்டு வைத்திருப்பவர்களுக்கு, புதிய டிஎல்எஸ்எஸ் 4-ன் மேம்பட்ட படத் தெளிவு டிரைவர் அப்டேட் மூலம் இலவசமாகவே கிடைத்தது. மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் மட்டும்தான் 50 வரிசைக்கு ஒதுக்கப்பட்டது. அதாவது புது கார்டின் சிறப்புகளில் ஒரு பகுதி, பழைய கார்டுக்கே வந்துவிட்டது. 1650 போன்ற ஜிடிஎக்ஸ் கார்டுகளில் டிஎல்எஸ்எஸ் கிடையாது. ஆனால் பல கேம்களில் இருக்கும் ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் வசதி அவற்றிலும் வேலை செய்யும்.

அப்போ எப்போதான் மாத்தணும்?

மெதுவாக ஓடுவதற்கும் ஓடவே ஓடாததற்கும் வித்தியாசம் உண்டு. செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்க முடிகிற வரை அவசரம் இல்லை.

ஆனால் சில கேம்கள் கதவையே சாத்திவிடுகின்றன. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆகிய இரண்டுக்கும் ரே டிரேசிங் வசதி கொண்ட கார்டு கட்டாயம். குறைந்தபட்சத் தேவை ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அளவு. ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருப்பவர் இங்கே செட்டிங்ஸைக் குறைத்துப் பயனில்லை.

இரண்டாவது காரணம், டிரைவர். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஜிடிஎக்ஸ் 1060, 1050 டிஐ வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். 1650 இந்தப் பட்டியலில் இல்லை. அது அடுத்த தலைமுறை.

மூன்றாவது காரணம், வேலை. வீடியோ எடிட்டிங், பிளெண்டர், சொந்த கம்ப்யூட்டரிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது என்று வருமானத்துக்காகச் செய்பவர்களுக்கு, கார்டு மிச்சப்படுத்தும் நேரமே பணம். அவர்கள் வேகத்தை விட முதலில் பார்க்க வேண்டியது வீடியோ மெமரியின் அளவை. 1650-ல் 4 ஜிபிதான் உண்டு.

இந்த மூன்றும் இல்லையா? வாலரன்ட், கவுண்டர் ஸ்டிரைக், ஜிடிஏ 5 தான் உங்கள் உலகமா? பழைய கார்டே போதும்.

கார்டோடு சேர்ந்து வரும் செலவு

சரி, மாற்றுவது என்றே முடிவு செய்தாயிற்று. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

முதலில் எஸ்எம்பிஎஸ். 1650 கார்டுக்கு 75 வாட்ஸ் போதும். 5060-க்கு 145, 5060 டிஐ-க்கு 180, 5070-க்கு 250, 5090-க்கு 575 வாட்ஸ் வேண்டும். 5060-க்கு 550 வாட்ஸ், 5070-க்கு 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்கிறது என்விடியா. 450 வாட்ஸ் வைத்திருப்பவர், கார்டு விலையோடு புது எஸ்எம்பிஎஸ் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது யுபிஎஸ். அந்தமான் நிக்கோபார் தீவுகள் தேசிய மின்தொகுப்போடு இணைக்கப்படவில்லை. பெரும்பாலான மின்சாரம் அந்தந்தத் தீவிலேயே டீசல் ஜெனரேட்டரில் உற்பத்தியாகிறது. இப்படி யுபிஎஸ்-ஐ நம்பி ஓட்டும் இடத்தில் கணக்கு முக்கியம். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்ஸ் வரைதான் தாங்கும். 5070 கார்டுக்கு 250, பிராசஸருக்கு 65, மானிட்டருக்கு 30, மற்ற பாகங்களுக்கு 40 என்று வைத்தால் 385 வாட்ஸ் ஆகிறது. கேம் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் யுபிஎஸ்-ஸும் சேர்ந்து அணையும். அதே கணக்கில் 5060 கார்டு போட்டால் 280 வாட்ஸ்தான், தாங்கும். கரண்ட் அடிக்கடி போகும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, மதர்போர்டு. 10400எஃப் போன்ற பிராசஸர்கள் உட்காரும் போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறைதான் இருக்கிறது. 5060, 5060 டிஐ இரண்டும் 16 பாதைகளுக்குப் பதில் 8 பாதைகளை மட்டுமே பயன்படுத்துபவை. புது போர்டில் இது பிரச்சினையே இல்லை. பழைய போர்டில், குறிப்பாக 8 ஜிபி மெமரி நிரம்பி வழியும் கேம்களில், வேகம் அடி வாங்கும். 2025 ஜூனில் வந்த ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 பாதைகளையும் பயன்படுத்துகிறது. 16 ஜிபி மாடலும் உண்டு. அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 349 டாலர். 249 டாலருக்கு வந்த இன்டெல் ஆர்க் பி580 விலையில் ஈர்க்கும். ஆனால் பழைய பிராசஸர்களோடு சேரும்போது அது வேகம் இழப்பது சோதனைகளில் தெரியவந்தது. இந்த இளைஞரின் மெஷினுக்கு அது ஒத்துவராது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கேபினெட்டைத் திறந்து, கார்டு உட்காரும் இடத்தின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். கார்டின் நீளம் மில்லிமீட்டரில் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும். கப்பலில் வந்த கார்டு கேபினெட்டுக்குள் நுழையவில்லை என்றால் அழுதாலும் தீராது.

இணைய வேகத்தையும் மறக்கக் கூடாது

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கேபிள், போர்ட் பிளேரையும் மேலும் ஏழு தீவுகளையும் இணைத்தது. பக்கத்துத் தீவான கமோர்ட்டா அந்த ஏழில் ஒன்று. கட்சால் அதில் இல்லை.

இது ஏன் முக்கியம்? இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு 120 ஜிபி இடம் வேண்டும். 10 எம்பிபிஎஸ் வேகம் தடையே இல்லாமல் கிடைத்தாலும், அந்த அளவை டவுன்லோடு செய்ய சுமார் 27 மணி நேரம் ஆகும். புது கார்டின் பலத்தைக் காட்டும் கேம்கள் எல்லாமே இந்த மாதிரி அளவுதான். கேமையே இறக்க முடியாத இடத்தில் கார்டை மட்டும் இறக்கி என்ன செய்வது? க்ளவுட் கேமிங்குக்கும் இதே தடைதான்.

வந்த உடனே வாங்கலாமா?

இன்னும் கொஞ்சம் பொறுப்பது நல்லது என்பதற்கு 50 வரிசையே உதாரணம். 2025 பிப்ரவரியில், 5090, 5070 டிஐ கார்டுகளில் அரை சதவீதத்துக்கும் குறைவானவற்றில் படத்தை வரைந்து முடிக்கும் உட்பகுதிகளில் சில குறைந்திருப்பதை என்விடியா ஒப்புக்கொண்டது. பிறகு சில 5080 கார்டுகளிலும் அதே குறை தெரிந்தது. திரை கறுப்பாகிவிடும் பிரச்சினைக்கு அடுத்தடுத்து டிரைவர் திருத்தங்கள் வந்தன. குறையுள்ள கார்டை மாற்றித் தருவதாக நிறுவனம் சொன்னது உண்மைதான். ஆனால் மாற்றித் தருவது ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நாள் வேலை. தீவில் இருப்பவருக்குக் கப்பல் கணக்கு. முதல் இரண்டு, மூன்று மாதங்கள் மற்றவர்கள் வாங்கி அனுபவிக்கட்டும் என்று விடுவதில் தவறில்லை.

அதே சமயம், "காத்திருந்தா விலை குறையும்" என்ற பழைய நம்பிக்கை எப்போதும் பலிக்காது. 2025-ன் கடைசியில், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதால் ரேம் விலை வேகமாக ஏறியது. சாதாரண வாடிக்கையாளர்களுக்கான 'குரூஷியல்' வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. கிராஃபிக்ஸ் கார்டிலும் மெமரி சிப்தான் இருக்கிறது. அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: தேவை இல்லாவிட்டால் விலை இறங்கினாலும் வாங்காதீர்கள். தேவை இருந்து, கார்டு சந்தைக்கு வந்து சில மாதங்களும் ஆகிவிட்டால், விலை இறங்கும் என்று மேலும் காத்திருக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட்? கையில் எடுத்து, அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து வாங்க முடிந்தால் சரி. பார்க்காமல் தூரத்திலிருந்து வாங்குவது சூதாட்டம்.

பழுதானால் யாரிடம் போவது?

கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டு வாரன்டி கிடைக்கிறது. வாங்கும் முன் கடைக்காரரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது? கூரியரில் அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா? அனுப்பும் செலவு யாருடையது? இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கால அவகாசம் எத்தனை நாள் என்பதையும், உங்கள் பின்கோடுக்கு டெலிவரி உண்டா என்பதையும் முதலிலேயே பாருங்கள். வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு வரவழைத்தால், பார்சலை அங்கேயே பிரித்து, வீடியோ எடுத்து, முடிந்தால் ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். அவகாசம் கப்பலிலேயே கரைந்துவிடக் கூடாது.

எல்லாம் மீறித் தகராறு வந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணம் இல்லை. இணையம் வழியாகவும் பதிவு செய்யலாம். காணொலி மூலம் விசாரணைக்கும் இடமுண்டு. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனைதான்: ஜிஎஸ்டி பில் கையில் இருக்க வேண்டும். "பில் வேண்டாம்னா ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம்" என்று சொல்லும் கடையில், அந்த இரண்டாயிரத்துக்கு நீங்கள் விற்பது உங்கள் வாரன்டியை.

கடைசியில் என்ன முடிவு?

கட்சால் இளைஞருக்கு 5070 வேண்டாம். மானிட்டர், எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் மூன்றுமே அதற்குத் தயாராக இல்லை. 59,000 ரூபாயில் தொடங்கும் செலவு அங்கே நிற்காது. பழைய ஆன்லைன் கேம்கள்தான் ஆடுகிறார் என்றால், எதுவுமே வாங்க வேண்டாம்.

1650-ல் திறக்கவே திறக்காத கேமோ, காசு தரும் எடிட்டிங் வேலையோ இருந்தால், 16 ஜிபி மெமரியும் 200 வாட்ஸுக்குள் மின்தேவையும் உள்ள நடுத்தர கார்டு ஒன்று போதும். அவருடைய பழைய போர்டுக்கு 9060 எக்ஸ்டி-யின் 16 ஜிபி மாடல் பொருத்தம். அதோடு எஸ்எம்பிஎஸ்-ஸையும் தேவையான கேபிள்களையும் ஒரே பார்சலில் வரவழைக்க வேண்டும். ஒரு கேபிள் விட்டுப்போனாலும், புது கார்டு மேஜை மேலேயே உட்கார்ந்து அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்கும்.

நீங்கள் மதுரையிலோ கோவையிலோ இருக்கலாம், பக்கத்திலேயே கடை இருக்கலாம். இருந்தாலும், திருப்பிக் கொடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் அந்தக் கார்டு வேண்டும் என்று தோன்றினால், தாராளமாக வாங்குங்கள்.